பல வீட்டு அரிசி

உலை கொதித்து மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. எமிமாள் எழுந்திருக்கவில்லை. முறத்தில் கொட்டிய அரிசிக்கு முன்னால் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரே அரிசி இல்லை. ஊசியாய் நீண்ட பொன்னி கிடந்தது. அதன் மேலே குண்டு குண்டாய்ப் புழுங்கல், ஊடே பால்வெள்ளையாய்ப் பச்சரிசி, அங்கங்கே சிவப்புத் தவிடு ஒட்டிய செம்மட்டை. செம்மட்டை இந்த ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் பொங்குவார்கள்; தபால்காரர் பெண்சாதி நாகர்கோவில் பக்கத்துக்காரி. பச்சரிசி கிரேஸ் டீச்சர் வீட்டுடையது. அந்த வீட்டுப் பெரியவருக்குப் பல் கிடையாது, சோறு குழைய வேண்டும். கைப்பிடி அரிசிதான் இது. வேறென்னவாக இருக்கும்? சபையில் ஒவ்வொரு பெண்ணும் சோறு பொங்க அரிசி அளக்கிறபோதெல்லாம் முதலில் ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போட்டுவைப்பாள். அது கர்த்தருக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு அந்த டப்பாவைக் கோயிலுக்குக் கொண்டுபோய், பீடத்துக்குப் பக்கத்தில் வாய் திறந்து நிற்கிற சாக்கில் கவிழ்ப்பார்கள். ஊர் முழுக்க உள்ள அடுக்களைகள் அந்தச் சாக்கில் ஒன்றாய்க் கலந்துவிடும். எமிமாளும் கவிழ்த்திருக்கிறாள். பழுப்பேறிய ரேஷன் அரிசியைக் கொண்டுபோய், மற்றவர்கள் பார்ப்பதற்குள் கவிழ்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். இதோ அதுவும் கிடக்கிறது. சாக்கு நிறைந்ததும் அதன் வாயைக் கோணி ஊசியால் தைப்பது பெண்கள் சங்கத்துச் செயலாளர் வயலட் மைனி. அதை என்ன செய்வதென்று சொல்வதும் அவள்தான். சில மாதம் ஏலம் விடுவார்கள். சில மாதம் இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். இல்லாதவர்கள். அந்தச் சொல்லில் வந்ததும் எமிமாளின் மனம் முள்ளில் மாட்டின சேலைபோல நின்றுவிட்டது. இழுத்தால் கிழியும், இழுக்காமலும் இருக்க முடியாது. சங்கத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்திருப்பார்கள். வயலட் மைனி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாவம், அந்த எமிமா புருஷனும் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறாள், இந்த மாதம் அவளுக்கே கொடுத்துவிடலாமா என்று கேட்டிருப்பாள். எல்லோரும் தலையை ஆட்டியிருப்பார்கள். கையை வெட்டினவளே கட்டுப் போட வந்ததைப் பார்த்து, என்ன மனசு பாருங்க என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள்.

மூட்டை வந்தது வியாழக்கிழமை சாயங்காலம். ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரேஷன் கடையில் சரக்கு வரவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செம்மண் சகதியில் காலை ஊன்றி ஊன்றி வருகிற வழியெல்லாம், ஆண்டவரே, நாளைக்கு வேண்டாம், அடுத்த வாரத்துக்கு வேண்டாம், இன்றைக்கு மட்டும் தாரும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பின்வாசலுக்கு வந்தால் ஓட்டுச் சாய்ப்புக்கு அடியில், ஒரு பொட்டு நனையாமல், விருந்தாளிபோலச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது மூட்டை. சுற்றிலும் ஆள் இல்லை. கால்தடம் இருந்திருந்தாலும் மழை அழித்திருக்கும். எமிமாளுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே முழங்காலில் நின்றாள். ஆனால் பிரிக்கவில்லை. அவள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கேளாமல் வந்த மூட்டையானாலும் கேட்டு வந்த மூட்டையானாலும் சபையில் எழுந்து ஸ்தோத்திரம் சொன்ன பிறகுதான் தையலில் கை வைக்க வேண்டும். அதனால் வெள்ளியும் சனியும் டப்பாவின் அடியில் கிடந்த நொய்யைக் காய்ச்சிக் குடித்தார்கள். அந்த மூட்டையில என்னதாம்மா இருக்கு, ஒரே ஒரு தையல் மட்டும் பிரிச்சுப் பாக்கட்டா என்று பெர்சிஸ் கேட்டுக் கேட்டு அழுதுவிட்டுத் தூங்கிப்போனாள். இன்று காலை ஆராதனையில் சாட்சி நேரம் வந்ததும் எமிமாள்தான் முதலில் எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குரல் நடுங்காமல் சொன்னாள்: நான் எந்த மனுஷரிடமும் போய் நிற்கவில்லை. எந்த மனுஷர் கையும் படாமல் என் ஆண்டவர் என் வாசலில் அரிசி இறக்கினார். என் பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட்டவர்களும் இந்தச் சபையில் இருக்கிறார்கள். அவர்கள் கண் முன்னாலேயே எங்களைப் போஷிக்கிறார். பெண்கள் பக்கத்தில் இரண்டாவது பெஞ்சில் இருந்த வயலட் மைனி மெதுவாகத் திரும்பி எமிமாளைப் பார்த்தாள். பிறகு ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் யாரையோ பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டு, கோயிலே கேட்கும்படி, "ஆமென்" என்றாள்.

அந்த ஆமென். எமிமாள் முறத்தைப் புடைத்தாள். தவிடு பறந்தது, ஒரு வண்டு ஓடியது, ஆமென் போகவில்லை. காலையில் அது தோற்றவள் சொன்ன ஆமென் என்று நினைத்து, வெற்றி பெற்றவள்போல உட்கார்ந்திருந்தாள். இப்போதல்லவா தெரிகிறது. தானே தைத்து, தானே அனுப்பின மூட்டையை, மனுஷர் கை படாத மூட்டை என்று ஒருத்தி எழுந்து நின்று சொல்கிறாள் என்றால், அனுப்பினவளுக்கு உள்ளுக்குள் எப்படிச் சிரிப்பு வந்திருக்கும். சிரிப்பை ஆமென் என்று வெளியே விட்டிருக்கிறாள். சங்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பாட்டுப் புஸ்தகத்தால் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பார்கள். எமிமாள் அந்த ஆமெனை மறுபடி மனசுக்குள் சொல்லவைத்துக் கேட்டாள். முதல் எழுத்தில் நீட்டினாளா? கடைசியில் அழுத்தினாளா? நக்கலாகச் சொன்னால் நுனியில் ஓர் இழுவை இருக்கும். இருந்ததா? இருந்தது. இல்லை, இல்லாத மாதிரியும் இருந்தது.

"எம்மா, பசிக்கி." பெர்சிஸ் வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள். கோயிலுக்குப் போட்ட கவுனை இன்னும் மாற்றவில்லை.

"போய் உடுப்பை மாத்து. வெந்துரும்."

"இன்னும் அரிசியே போடலியே."

பிள்ளைக்குக் கண் இருக்கிறது. எமிமாள் அரிசியைக் களைந்தாள். கழுநீர் பல நிறமாக ஓடியது. இந்த அரிசியைத் தொடக்கூடாது, அப்படியே சாக்கில் அள்ளிப் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு, சாயங்கால ஜெபத்துக்கு எல்லோரும் வருகிற நேரமாகப் பார்த்து, வயலட் மைனி வீட்டுக் கேட்டுக்கு முன்னால் கவிழ்க்க வேண்டும். அவள் வீட்டுப் படியில் அரிசி மழைபோல உருள வேண்டும். தெருவே நின்று பார்க்க வேண்டும். உன் தர்மத்தை நீயே பொறுக்கிக்கொள் என்று சொல்ல வேண்டும். இல்லை, ஒன்றும் சொல்லக்கூடாது. சொல்லாமல் திரும்பி நடந்தால்தான் அவள் சாகிற வரைக்கும் அது அவள் காதில் கேட்டுக்கொண்டிருக்கும். எமிமாளுக்கு அந்தக் காட்சி தித்தித்தது. மறுபடியும் முதலிலிருந்து நடத்திப் பார்த்தாள். இந்தத் தடவை வயலட் மைனி குனிந்து பொறுக்கினாள். கண்ணாடி நழுவி அரிசியில் விழுந்தது. ஆனால் பிள்ளைக்குப் பசிக்கிறது. சரி, பிள்ளைக்கு மட்டும் ஓர் உழக்கு. பிள்ளைக்கு ரோசம் கிடையாது, வயிறுதான் உண்டு. என் நாக்கில் ஒரு பருக்கை படாது, மீதி சாயங்காலம் அவள் வாசலுக்கு. இப்படி ஒரு பொருத்தனை செய்துகொண்டு, களைந்த அரிசியை உலையில் போட்டாள். கொதி அடங்கியது.

அடுப்பில் உடைமர விறகு சடசடத்தது. எரிவாயு தீர்ந்து, பின்முற்றத்து அடுப்புக்கு வந்து எத்தனையோ நாளாயிற்று. எல்லாம் அந்த மூக்கினால் வந்தது. வயலட் மைனியின் மூக்கு. மகள் பிள்ளையைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட வந்தவள், ஓட்டுகிற இடத்தில் இருந்த எமிமாளின் புருஷன் குணசிங்குக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே பள்ளிக்கூடக் கமிட்டியில், வண்டி ஓட்டுகிறவன் மேல் வாசனை அடித்தது என்று சொல்லிவிட்டாள். கமிட்டியில் அவளும் ஓர் ஆள். பிள்ளைகள் ஏறுகிற வண்டி, யோசிக்க ஒன்றுமில்லை என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். குணசிங் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். இப்போது ஓசூர்ப் பக்கம் யாரோ ஒருவர் லாரிக்குக் கிளீனராகப் போயிருக்கிறான். ஓட்டத் தெரிந்தவன், கிளீனராக. போனில் கூப்பிட்டால் இரைச்சல்தான் கேட்கிறது. சாப்பிட்டியா என்று அவனும் கேட்கிறான், இவளும் கேட்கிறாள், இரண்டு பேரும் சாப்பிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எமிமாள் சும்மா விட்டுவிடவில்லை. மறுநாளே அரிஷ்டப் போத்தலை எடுத்துக்கொண்டு வயலட் மைனி வீட்டுக்குப் போனாள். வயிற்றுக் கோளாறுக்கு வைத்தியர் கொடுத்த மருந்து இது, இதைத்தான் குடித்துவிட்டு வண்டிக்குப் போனாவ, மோந்து பாருங்க என்று நீட்டினாள். வயலட் மைனி போத்தலை வாங்கி, மூடியைத் திருகி, மூக்குக்கு நேரே பிடித்தாள். அவசரமே படவில்லை. பிறகு மூடியைத் திருகி, போத்தலை எமிமாளின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் மூடி, தணிந்த குரலில் சொன்னாள்: "இது இல்ல, எமிமா." அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம். அந்தத் தணிந்த குரலை எமிமாளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. படுக்கும்போது அந்தக் குரலை நினைத்துக்கொண்டு படுக்கிறாள். வயலட் மைனியின் மகளுக்கு, மருமகனுக்கு, அந்த மாடி வீட்டுக்கு, ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, ஆண்டவரே, நீர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுத்தான் தூங்குகிறாள். பார்த்துக்கொள்ளும் என்றால் காப்பாற்றும் என்று அர்த்தமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

சோறு பொங்கி வழிந்தது. விறகை இழுத்துவிட்டாள். பச்சரிசி இதற்குள் மலர்ந்துவிட்டது, செம்மட்டை கல்லாய்க் கிடக்கிறது. எப்படி வடித்தாலும் பாதி குழையும், பாதி வேகாது. உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அவள் கேட்டாள். இதைக் கர்த்தரிடம் கேட்டாள். ஞாயிறு பள்ளியில் ஒரு படம் மாட்டியிருக்கும். வனாந்தரத்தில் தீர்க்கதரிசி உட்கார்ந்திருப்பார், காகம் அவருக்கு அப்பம் கொண்டுவரும். ஒரு காகத்தை அனுப்பியிருக்கலாமே. நாயை அனுப்பியிருந்தாலும் கையேந்தி வாங்கியிருப்பாளே. மூன்று தெருவில் எத்தனை வீடு, எத்தனை கை, அத்தனையும் விட்டுவிட்டு அந்த ஒரு கையால்தான் கொடுப்பேன் என்றால் நீர் கொடுக்கிறீரா, அடிக்கிறீரா? நான் உம்மை நம்பினேன். அரிசி இல்லாத நாளிலும் அளக்கிற முன்னால் ஒரு பிடி உமக்கு எடுத்துவைத்தேன். பொய் சொல்லாத வீட்டைப் பற்றிப் பொய் சொன்னாள் ஒருத்தி, அவள் பக்கம் நிற்கிறீர். அவள் பொய் சொன்னாள். இங்கே வந்ததும் எமிமாள் அகப்பையை எடுத்துச் சோற்றைக் கிளறினாள், கிளற வேண்டிய தேவையே இல்லாமல். அந்தப் போத்தல். வேண்டாம். அந்தப் போத்தலை அவள் வயலட் மைனி வீட்டுக்குப் போகிற அன்று காலையில்தான் மருந்துக் கடையில் வாங்கினாள். பழைய போத்தல் அதற்கு முந்தின மாதமே தீர்ந்து, கழுவி எண்ணெய் ஊற்றி வைத்தாயிற்று. புதுப்போத்தலின் மூடியை உடைத்து, பாதியைச் சாக்கடையில் ஊற்றினாள், குடித்து மீந்தது மாதிரி இருக்கட்டும் என்று. சாக்கடையில் ஊற்றும்போது கருப்பட்டி வாசனை வந்தது. வயலட் மைனி மோந்த நாளுக்கு முந்தின ராத்திரி, கீழத்தெருவில் ஒரு கல்யாண வீடு. குணசிங் வரும்போது கூரையில் கோழி கூவுகிற நேரமாகிவிட்டது. சட்டையை அவள்தான் கழற்றினாள். அவளுக்கும் மூக்கு இருக்கிறது. ஒருநாள் தானே, ஒரே ஒருநாள். ஊரில் தினம் குடிக்கிறவன் எல்லாம் வேலையில் இருக்கிறான். அவள் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே, தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்திருக்கலாமே. இப்படி அந்த நினைப்பைப் பிடித்துத் தள்ளி, அதன்மேல் வேறொன்றைத் தூக்கிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தும் கொண்டாள் எமிமாள். ஆனாலும் அடியில் கருப்பட்டி வாசனை வந்துகொண்டே இருந்தது.

பின்பக்கப் படலைத் தள்ளிக்கொண்டு யாரோ இருமினார்கள். கோயில் மணி அடிக்கிற வேதக்கண் அண்ணாச்சி. காய்ச்சலில் கிடந்து எழுந்த முகம். காதைச் சுற்றி ஒரு துண்டு. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, உள்ளே வரவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் நின்றார்.

"எம்மா எமிமா, சோறா பொங்குத?"

"ஆமா அண்ணாச்சி. வாங்க."

"அந்த மூட்டைலயா?"

எமிமாள் சோற்றை ஒரு கிளறு கிளறினாள். வயலட் மைனிதான் இவரை அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தாள். போட்ட தர்மம் உலையில் கொதிக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறாள். அவர் தலையில் கட்டின துண்டை அவிழ்த்துக் கையில் முறுக்கிக்கொண்டு, ஒரு தப்பு நடந்துபோச்சு பாத்துக்க என்று தொடங்கினார். சுற்றிச் சுற்றித்தான் சொன்னார். இந்த மாதக் கைப்பிடி அரிசியைப் போன ஞாயிறு கோயிலில் ஏலம் விட்டார்கள். எமிமாள் அன்றைக்கு ஆசீர்வாதம் முடிந்ததும் யார் முகத்திலும் விழிக்காமல் வந்துவிட்டதால் அவளுக்குத் தெரியாது. ஏலத்தில் எடுத்தது வயலட் மைனியின் வீட்டுக்காரர் துரைப்பழம். வருஷத்துக்கு ஐந்தாறு தடவை எடுப்பார், கோழிக்கு. மாடியில் கூண்டு வைத்து வளர்க்கிறார்களே, அந்தக் கோழிகளுக்கு. வியாழக்கிழமை அந்த மூட்டையை வேதக்கண் அண்ணாச்சி சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனார். இந்த வீட்டுப் பின்பக்கம் வரும்போது மழை பிடித்துக்கொண்டது, செயினும் அறுந்தது. சாய்ப்பில் நனையாமல் சாத்தி வைத்துவிட்டு, செயினைச் சரிசெய்துகொண்டு வந்து எடுப்போம் என்று போனார். போனவருக்குக் குளிரும் காய்ச்சலும் வந்து, இரண்டு நாளாகப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமை மைனி வீட்டிலிருந்து ஆள் வந்து மூட்டை எங்கே என்று கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை வந்துரும்னு சொல்லு என்று படுத்தபடியே சொல்லியனுப்பினார்.

"காலம்பற நீ எந்திரிச்சு சாட்சி சொல்லுத. எனக்கு மறுபடியும் காய்ச்சல் வந்த மாதிரி ஆயிட்டு. மைனி திரும்பி ஒன்னைப் பாத்தாவ, பின்ன என்னைப் பாத்தாவ. என் முழியப் பாத்தே தெரிஞ்சிட்டு அவியளுக்கு."

எமிமாள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"கோயில் விட்டதும் நேரே போனேன். மைனி, ஒங்க மூட்டை எமிமா வீட்ல மாறிப்போய்க் கெடக்கு, என் தப்புதான்னேன். என்ன மூட்டைன்னு கேக்காவ. ஏலத்துல ஒங்க வீட்டு அண்ணாச்சி எடுத்த கைப்பிடி அரிசின்னேன். நாங்க ஒண்ணும் எடுக்கலியே, கோழியெல்லாம் வித்தாச்சுலா, அரிசி எதுக்குன்னுட்டாவ." அவர் மூக்கை உறிஞ்சினார். "நான் முத்தத்துல நிக்கேன். மேல மாடில கோழி கெடந்து கத்துது. பசியில, தெரியுதுலா? அதுவும் காதுல விழத்தான் செய்யுது அவியளுக்கு. எப்ப வித்தீயன்னு கேட்டேன். காய்ச்சக்காரரு வெயில்ல நிக்காதியும், போம்னு கதவைச் சாத்திட்டாவ."

இப்போது நான் என்ன செய்வது என்றுதான் அவர் கேட்க வந்திருக்கிறார். எடுத்துக்கொண்டு போனால் அங்கே வாங்க மாட்டார்கள். எடுக்காமல் விட்டால் ஏலத்தில் போன பொருள். சங்கத்தில் கேட்டால் என்ன சொல்வது? எமிமாள் அவரைச் சாப்பிடச் சொன்னாள். வாய் கசக்கிறது, கஞ்சி குடித்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டார். மூட்டை இங்கேயே இருக்கட்டும் அண்ணாச்சி, இல்லாத கோழிக்கு எதற்கு அரிசி என்று எமிமாள் சொன்னாள். அவள் வாயிலிருந்து அது வந்த விதத்தில் வேதக்கண் அண்ணாச்சி அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, துண்டைக் காதில் கட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து வந்தது. எமிமாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தாள். தர்மம் இல்லை, இது தர்மமே இல்லை. யாரும் கூடி உட்கார்ந்து பாவம் என்று சொல்லவில்லை, யாரும் தலையாட்டவில்லை. கர்த்தர் வயலட் மைனி வீட்டுக்குப் போகிற மூட்டையை நடுவழியில் மறித்து, மழையை விட்டு, செயினை அறுத்து, வேதக்கண் அண்ணாச்சிக்குக் காய்ச்சலையும் கொடுத்து, என் வாசலில் இறக்கியிருக்கிறார். அந்தப் படத்துக் காகம் அப்பத்தை எங்கிருந்து எடுத்தது என்று ஞாயிறு பள்ளியில் யாரும் கேட்டதில்லை. காகம் அப்பம் சுடுமா? எவள் அடுக்களையிலிருந்தோ கொத்திக்கொண்டுதான் வந்திருக்கும். எவளோ ஒருத்தி அன்றைக்குத் தட்டைப் பார்த்துவிட்டு, காகத்தைத் திட்டியிருப்பாள். ஸ்தோத்திரம், ஆண்டவரே, கோடி ஸ்தோத்திரம். அவள் கூண்டிலிருந்து எடுத்து என் பானையில் போட்டீரே. அவள் கோழி பட்டினி கிடக்க என் பிள்ளை தின்னப்போகிறது. இதைவிட நான் என்ன கேட்டுவிட முடியும்? வெகுநாளைக்குப் பிறகு, கேட்டதைவிட மேலாகவே கிடைத்தது என்று அவளுக்கு மனசு நிறைந்தது. அப்படி நிறைந்துகொண்டு வந்தது, என்ன மூட்டை என்ற கேள்வியில் வந்து இடித்து நின்றது. என்ன மூட்டை. அதையும் அந்தத் தணிந்த குரலில்தான் கேட்டிருப்பாள். கர்த்தரே திருடிக் கொண்டுவந்து இறக்கினாலும் அதைத் திருட்டாக இருக்க விடமாட்டேன் என்கிறாள். என் கோழிக்கு வாங்கினது, எடுத்து வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சபை முழுக்க எமிமாளின் சாட்சி சிரிப்பாய்ச் சிரித்திருக்கும். மனுஷர் கை படாத மூட்டை, கோழித் தீவனம் என்று பிள்ளைகள்கூடக் கத்தியிருக்கும். அதைச் சொல்லத் தெரியாதவளா வயலட் மைனி? கமிட்டியில் சொல்லத் தெரிந்ததே. அன்றைக்குச் சொன்ன வாய் இன்றைக்கு ஏன் மூடிக்கொண்டது? பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நம்புகிறவள், கோழியே இல்லை என்று கோழிச் சத்தத்துக்கு அடியில் நின்றுகொண்டு சொல்லியிருக்கிறாள். கொடுத்தேன் என்றால் திருப்பிக் கொடுக்கலாம், முகத்தில் எறியலாம், கேட்டுக்கு முன்னால் கவிழ்க்கலாம். கொடுக்கவே இல்லை என்கிறவளுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? அவள் வாசலில் அரிசியைக் கவிழ்த்தால், யாருடைய அரிசி எமிமா இது என்று கேட்பாள். தணிவாகக் கேட்பாள். பழிவாங்குகிறதற்குக்கூட ஒரு பிடி வேண்டியிருக்கிறது. சுவரில் ஆணி இருந்தால்தான் எதையாவது மாட்டலாம். இந்தப் பொம்பளை அந்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். முதலில் புருஷனைப் பற்றி உண்மையைச் சொன்னாள். இப்போது எனக்காகப் பொய் சொல்லுகிறாள். அவள் உண்மை சொன்னதையும் மன்னிக்க முடியாது, பொய் சொன்னதையும் மன்னிக்க முடியாது. உண்மை சொன்னதையாவது என்றைக்காவது ஒருநாள் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

கஞ்சியை வடித்தாள். நினைத்த மாதிரியே ஆகியிருந்தது சோறு. ஒரு பக்கம் குழைந்து, ஒரு பக்கம் விறைத்து, நடுவே செம்மட்டை முழித்துக்கொண்டு கிடந்தது. பெர்சிஸுக்குத் தட்டில் போட்டு, கஞ்சியை ஊற்றி, உப்புப் போட்டு, சுட்ட கருவாட்டை நசுக்கி ஓரத்தில் வைத்தாள். தன் நாக்கில் ஒரு பருக்கை படாது என்று பொருத்தனை பண்ணியிருந்தது ஞாபகம் வந்தது. யாருக்கு விரோதமாகப் பண்ணின பொருத்தனை அது? தர்மம் போட்டவளுக்கு. தர்மம் போட்டவள் என்று ஒருத்தி இல்லையே. வயிறு ஒரு நாயைப்போலக் காலைச் சுற்றி வந்தது. எமிமாள் இன்னொரு தட்டை எடுத்தாள். எடுத்துத் துடைத்து, அதிலும் போட்டாள்.

பெர்சிஸ் கண்ணை மூடிக் கையைக் கூப்பிவிட்டு, மறுபடி ஒரு கண்ணைத் திறந்தாள். "எம்மா, யாரு தந்ததுன்னு சொல்லி ஜெபம் பண்ணணும்? கர்த்தர்னு சொல்லிட்டேன். பின்ன?"

இந்த வீட்டில் சாப்பாட்டு ஜெபம் அப்படித்தான். கருவாடு பக்கத்து வீட்டு அத்தை தந்தது என்றால் அத்தையையும் சொல்ல வேண்டும், முருங்கைக்காய் யார் வீட்டுது என்றாலும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு அது பழக்கம். எமிமாள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கோழி," என்றாள்.

"எந்தக் கோழி?"

"வயலட் பெரியம்மா வீட்டு மாடியில கெடக்குலா, அந்தக் கோழிகளுக்கு உள்ள அரிசி. நமக்கு வந்துட்டு."

பெர்சிஸ் கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், கருவாட்டுக்காக ஸ்தோத்திரம், ஓசூரில் அப்பாவுக்கும் இப்போது சோறு கிடைக்கட்டும் என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு வந்தவள், கடைசியில் மூச்சு எடுத்துக்கொண்டு, "வயலட் பெரியம்மா வீட்டுக் கோழிகளையும் ஆசீர்வதியும். அதுக அரிசிய நாங்க எடுத்துக்கிட்டோம். அதுகளுக்கும் இன்னைக்கு வேற ஏதாவது குடும்" என்றாள்.

எமிமாள் கண்ணை மூடவில்லை. சோற்றிலிருந்து ஆவி எழும்பி முகத்தில் அடித்தது. பிள்ளை சொன்னதை அவள் மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சரி, குடும் ஆண்டவரே, கோழிகளுக்குக் குடும். அதுகள் என்ன செய்தன, அதுகளுக்கு மூக்கும் கிடையாது, கமிட்டியும் கிடையாது. அதுவரைக்கும் சொல்ல முடிந்தது. அதற்கு மேல் ஒரு படிதான் இருந்தது, கூண்டைத் திறந்து தீனி போடுகிற கை இருந்தது. அந்தக் கையை நினைத்ததும் ஜெபம் அங்கேயே நின்றுவிட்டது. அது இன்றைக்கு முடியாது. இன்றைக்குக் கொடுத்தது கோழிகள் வரைக்கும்தான் வருகிறது. மீதியை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம், நாளைக்கு உள்ளதை நாளைக்குத்தானே அவர் கொடுப்பார். எமிமாள் குனிந்து முதல் கவளத்தை எடுத்தாள். செம்மட்டை பல்லில் நறுக்கென்றது. மென்று விழுங்கினாள்.